தாண்டி ஓடிய பிள்ளை

சுலோச்சனா இளைத்திருந்தாள், அது அவளுக்கு நன்றாகவும் இருந்தது. படியேறி இரண்டாவது மாடிக்கு வந்த ருக்குமணிக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். மூச்சு வாங்க நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கோடியில் சுலோச்சனா. சந்தனக் கலரில் நூல்சேலை, பூவில்லை, பொட்டு மட்டும் சின்னதாக. வேண்டுமென்றே பூ வைக்காமல் வந்திருக்கிறாள், பார்க்கிறவர்களுக்குப் பாவம் என்று தோன்றட்டும் என்று, இல்லை அப்படி நினைக்கக் கூடாது, மூன்று வருஷம் வேலையில்லாமல் கிடந்தவள் பூ வாங்குவாளா என்ன, ஆனாலும் சேலைக்கு இஸ்திரி போட்டிருக்கிறாளே. ருக்குமணி தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள். பஸ்ஸில் நசுங்கி முழங்காலுக்கு மேலே சுருக்கம் சுருக்கமாக நின்றது. சுலோச்சனா பார்த்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டாள். "வந்துட்டீங்களாக்கா" என்று உதடு அசைந்தது தெரிந்தது. ருக்குமணி தலையை ஆட்டினாள், ஆட்டியது போதுமா கூடுதலா என்று உடனே யோசனை வந்தது. எதிரே மூடியிருந்த கதவுக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளையை அறையில் போட்டுப் பூட்டியதற்காக இனி எந்தக் காப்பகத்திலும் வேலை பார்க்கக் கூடாது என்று சுலோச்சனாவுக்குத் தடை போட்டிருந்தார்கள். அவள் திருந்திவிட்டாளா, தடையை எடுக்கலாமா என்று பார்க்கத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறார்கள். அதில் ருக்குமணியையும் கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கூட வேலை பார்த்தவள் என்று மட்டுமில்லை. அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்தவளும், சாயங்காலமே போய்ப் பெரியவர்களிடம் சொன்னவளும் அவள்தான். இன்னும் ஒன்று இருந்தது, அதைத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ருக்குமணியக்காவைக் கேளுங்கள் என்று பெயரைக் கொடுத்ததே சுலோச்சனாதானாம்.

அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது, அதைத்தான் யோசித்தாள். ருக்குமணி கெடுதலாகப் பேச மாட்டாள் என்று சுலோச்சனாவுக்கு அவ்வளவு நிச்சயமா. இல்லை, கெடுதலாகப் பேசினாலும் பரவாயில்லை, தன்னை யாரும் வெறுக்க முடியாது என்கிற நினைப்பா. அந்த நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது வாசலில் இரண்டு பேரும்தான் நிற்பார்கள், ருக்குமணி கேட்டுக்கு இந்தப் பக்கம், சுலோச்சனா அந்தப் பக்கம். ருக்குமணி வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து வந்தவள் சுலோச்சனா. வந்த வாரமே பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. அம்மா இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று அலறுகிற பிள்ளைகூட சுலோச்சனா நாக்கை மடித்து ஒரு சத்தம் போட்டால் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தத்தை ருக்குமணி வீட்டில் குளிக்கும்போது போட்டுப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எதற்கு இரவெல்லாம் இருமல் இருந்தது, எது மூத்திரம் போகும் முன்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், எல்லாம் ருக்குமணிக்குத் தெரியும். மூக்கைச் சிந்திவிடுவது அவள், பேதியான துணியை அலசுவது அவள். பிள்ளைகளும் சமர்த்தாக மூக்கைக் காட்டும், காட்டிவிட்டு ஓடிவிடும். எங்கே ஓடும், அங்கேதான். ஒரு நாள் பேச்சியம்மாள் மகள் நிவி, மூன்று வயது, இவள் மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே "சுலோம்மா எப்ப வரும்" என்று கேட்டது. சுலோச்சனா அன்றைக்கு லீவு. நாளைக்கு வருவா கண்ணு என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினாள். சோற்றுருண்டை பெரிதாகிப் போய் பிள்ளைக்குப் புரையேறியது. வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் பெரிதாக உருட்டிவிட்டது.

நடைபாதையில் மின்விசிறி ஓடியது, காற்று கீழே வரவில்லை. ஒரு சிப்பந்தி வந்து கதவைத் திறந்து சுலோச்சனாவை உள்ளே கூப்பிட்டான். அவள் போகும்போது செருப்பை வெளியே கழற்றி விட்டுப் போனாள். கோயிலா இது. கதவு மூடியதும் ருக்குமணிக்கு அந்தக் கதவு நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. மளிகைச் சாமான் வைக்கிற அறை, நீலப் பெயிண்ட் அடித்த தகரக் கதவு. நிவி அன்றைக்கு இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டது, பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. "கொஞ்ச நேரம் உள்ள நின்னாத்தான் புத்தி வரும்" என்று சுலோச்சனா அதைத் தூக்கி உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள். ருக்குமணி அப்போது கடைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து சுலோச்சனாவுக்குப் போன் வந்திருக்கிறது, அவள் புருஷன், குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடப்பதாக. பேசிக்கொண்டே வெளியே போனவள் வெளியிலேயே நின்றுவிட்டாள். ருக்குமணி திரும்பி வந்து பிள்ளைகளைச் சோற்றுக்கு உட்கார வைத்து எண்ணினால் ஒன்று குறைகிறது. சத்தம் ஒன்றும் இல்லை. அழுது அழுது ஓய்ந்த பிறகு வருகிற விக்கல் மாதிரி ஒன்றுதான் தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. திறந்தாள். உள்ளே இருட்டில் மிளகாய் மூட்டைக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் பிள்ளை நின்றது. கதவைச் சுரண்டிச் சுரண்டி நகத்தோரமெல்லாம் ரத்தம். ஜட்டி நனைந்திருந்தது. ருக்குமணி மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். "வா சாமி, வா, வா." பிள்ளை அவளைப் பார்த்தது. நன்றாகத்தான் பார்த்தது. பார்த்துவிட்டு, விரித்த கைக்குக் கீழே குனிந்து, அவளைத் தாண்டி, வாசல் வரை ஓடி, அங்கே போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வெளுத்துப் போய் நின்ற சுலோச்சனாவின் காலைக் கட்டிக்கொண்டது. பூட்டியவளின் காலை. முகத்தை அவள் சேலைக்குள் புதைத்துக்கொண்டது. ருக்குமணியின் கைகள் விரித்தபடியே இருந்தன. அதை எப்போது மடக்கினாள் என்று மட்டும் எவ்வளவு யோசித்தாலும் நினைவில்லை.

சொல்லத்தான் வேண்டும். அதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஒரு மாதம் அந்தப் பிள்ளை பேசவில்லை, விளக்கை அணைத்தால் அலறியது. சொல்லாமல் இருந்திருந்தால் அது பாவம். ஆனால் சொல்லப் போன அந்தச் சாயங்காலம் கால் எவ்வளவு லேசாக இருந்தது, அதுதான் உறுத்துகிறது. யாரோ பாரத்தை இறக்கிவிட்டது மாதிரி. இனி வாசலில் தான் ஒருத்திதான் என்று நினைத்தாளா, நினைத்திருப்பாள். அப்படியும் என்ன ஆயிற்று. சுலோச்சனா போன பிறகு பிள்ளைகள் இவளிடம் வரத்தான் செய்தன, வேறு ஆள் இல்லாததால் வந்தன. அதுவும் இவளுக்குத் தெரிந்தது. பாரு, வேலை போனவளுக்கும் வாழ்வுதான். மாதம் இரண்டு முறை மனநல ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மா உட்கார்த்தி வைத்துக் கேட்பாராம், கோபம் வரும்போது உனக்கு உடம்பில் எங்கே தெரியும் என்று. சுலோச்சனா கழுத்துக்குப் பின்னால் என்றாளாம். சின்ன வயதில் உன்னை யாராவது அறையில் போட்டுப் பூட்டினார்களா என்று கேட்டாராம். அதைக் கேட்டு அவள் ஒரு மணி நேரம் அழுதாளாம். காப்பகத்துச் சமையல்காரி கேள்விப்பட்டு வந்து இதையெல்லாம் சொன்னபோது ருக்குமணி பருப்பு களைந்துகொண்டிருந்தாள். களைந்த பருப்பையே மறுபடி களைந்தாள். இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒருத்தர் கேட்டதுண்டா, உனக்குக் கோபம் வருமா, எங்கே வரும் என்று. ஒரே நேரத்தில் நாலு பிள்ளை கத்தும்போது அவளுக்கும் மண்டைக்குள் வெல்லப்பாகு கொதிக்கிற மாதிரி வரும். போய்ப் பால் பாட்டில்களைக் கழுவுவாள். கழுவிய பாட்டிலையும் கழுவுவாள். அதற்கு ஒரு பேர் இல்லை. கை ஓங்காதவளுக்குக் கோபமே இல்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தப்பு செய்தவளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், எவ்வளவு மாறியிருக்கிறாள் என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். மாற வேண்டிய அவசியமே இல்லாதவளை யார் பார்ப்பார்கள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள்கூட எட்டு மாதப் பேரனைச் சம்பந்தியம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். "உனக்குத்தான் அங்க அத்தனை புள்ளைக இருக்குதேம்மா" என்கிறாள். அத்தனை பிள்ளைகள்.

படியில் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் வந்தாள், தென்காசிப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவள், நிவியின் அம்மா. கையைப் பிடித்தபடி நிவி. ஆறு வயதாகிவிட்டது, பல் விழுந்திருந்தது. "நீங்க எப்பம் வந்தீக?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "லீவு போட்டா கம்பெனியில ஏசுதான், ஆனா வராம இருக்க முடியுமாக்கா? என்னத்தச் சொல்லணும்னு எனக்கே தெரியல. மன்னிச்சாச்சான்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள். ருக்குமணி அந்தப் பக்கம் திரும்பினாள். பிள்ளையைப் பார்த்து, "வா கண்ணு, அம்முணி, பக்கத்துல வா. என்னத் தெரியுதா?" என்று கை நீட்டினாள். நிவி அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. "ருக்கும்மாடி, உன்ன வளத்தவுக" என்றாள் பேச்சியம்மாள். பிள்ளை தலையாட்டியது, மரியாதைக்கு. சரி, ஆறு வயதுக்கு மூன்று வயது எப்படி ஞாபகம் இருக்கும். அப்போது கதவு திறந்து சுலோச்சனா வெளியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ருக்குமணியின் உடம்பு முழுக்கக் கண்ணானது. இப்போது கூப்பிடுவாள். நாக்கை மடித்துச் சத்தம் போடுவாள், பிள்ளை ஓடும், பேச்சியம்மாள் அழுவாள், உள்ளே இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், முடிந்தது காரியம். சுலோச்சனா பிள்ளையைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றாள். பிறகு ஒரு அடி பின்னால் போய், அந்தக் கோடி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. பிள்ளை வருமா வராதா என்று ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நிவி கொஞ்ச நேரம் அவளை வேடிக்கை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. ருக்குமணிக்கு வாய் கசந்தது. நீட்டிய தன் கையைவிட நீட்டாத அந்தக் கைகள் பெரிதாகத் தெரிந்தன. இதையும் கற்றுக்கொண்டு வந்துவிட்டாளா. ஆசையை அடக்கி உட்காருவதும் இவளுக்குத்தான் அழகாக வருமா.

சொல்வதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. பல நாளாகவே வைத்திருந்தாள், ராத்திரி படுத்தால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். போன தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சுலோச்சனா பாத்திரம் கழுவ வந்திருந்தாள். பின்கட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள், பிள்ளை வீறிட்டது, தோள் கழன்றிருக்கும் போல இழுத்தாள். ருக்குமணி தன் கண்ணால் பார்த்தாள். பிள்ளை போய்க்கொண்டிருந்தது பூரி போடுகிற எண்ணெய்ச் சட்டியை நோக்கி, அதுவும் பார்த்தாள். ஆனால் முதல் பாதி பொய்யில்லையே. முதல் பாதியை மட்டும் சொன்னால் அது பொய்யா. கேட்டதற்குத்தானே பதில். சிப்பந்தி வந்து அவள் பெயரைக் கூப்பிட்டபோது அந்த முதல் பாதி நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்று, கழற்றாமலே உள்ளே போனாள்.

உள்ளே நடுவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற நீதிபதி. ஒரு பக்கம் குழந்தை டாக்டர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட வக்கீலம்மா. உட்காருங்கம்மா என்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.

"தடைக்கு அப்புறம் அவங்களை எங்கயாவது பிள்ளைகளோட பார்த்திருக்கீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"பார்த்தேனுங்க. ஒரு மண்டபத்துல. ஒரு புள்ளையக் கையப் புடிச்சு இழுத்தாளுங்க. நெம்ப வேகமா. புள்ள வீறிட்டு அழுதுதுங்க."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அந்த அறையில் அவ்வளவு நேரம் இருந்த ஏதோ ஒன்று பக்கம் மாறி உட்கார்ந்ததை அவளால் உணர முடிந்தது. இவ்வளவு சுலபமா. பெரியவர் மெதுவாகக் கேட்டார், "எதுக்கு இழுத்தாங்க?"

தெரீலீங்க என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாய் அதற்காகத் திறந்துகூட விட்டது. வெளியே பெஞ்சில் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், இவள் பெயரை அவளாகக் கொடுத்துவிட்டு. பாவி, ஏன் என் பெயரைக் கொடுத்தாய். தண்ணீரைக் குடித்தாள்.

"அங்க எண்ணெய்ச் சட்டி இருந்துதுங்க. கொதிச்சுட்டு இருந்துது. இவ இழுக்காட்டி அந்தப் புள்ள உழுந்திருக்குமுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர்தான், குரலை உயர்த்தாமல், "அதை ஏம்மா முதல்ல சொல்லலை? உங்களுக்கு அவங்க மேல ஏதாவது மனத்தாங்கல் இருக்கா?" என்றார்.

"இருக்குதுங்க." தன் குரல் எங்கிருந்தோ வருவது போலிருந்தது. "பொறாமைங்க."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்குப் பொறாமை?"

கேட்டேவிட்டார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது போய் இப்போது கேட்டுவிட்டு மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லை என்பது போல. ருக்குமணிக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அன்னிக்கு நாந்தானுங்க கதவத் தொறந்தேன். அந்தப் புள்ள என்னத் தாண்டி அவகிட்டப் போச்சுங்க" என்றாள். சொல்லி முடித்ததும் இத்தனை வருஷத்துக் கனம் இந்த இரண்டு வரிதானா என்று வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது, சேலைத் தலைப்பைத் தேடினாள்.

"பயந்த பிள்ளை பழகின முகத்துக்கிட்டதாம்மா ஓடும்" என்றார் டாக்டர். "யார் பூட்டினாங்கன்னு அதுக்குக் கணக்கு இல்லை. அது அன்புக்கு அத்தாட்சியும் இல்லை. அதை வச்சு நாங்க அவங்களை உள்ள விடவும் முடியாது." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். பழகின முகம் என்ற சொல் மட்டும் ருக்குமணிக்குள் போய் ஒரு முள்ளாகத் தங்கியது. அப்படியென்றால் என் முகம்?

"கடைசியா ஒண்ணு" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்குப் பேரன் இருக்காருன்னு சொன்னாங்க. சுலோச்சனாகிட்ட விட்டுட்டுப் போவீங்களா?"

யோசிக்க வேண்டிய கேள்வி. யோசிக்கும் முன்பே கண்ணுக்குள் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த சுலோச்சனாதான் வந்தாள், கைகள் மடியில். "உடுவேனுங்க" என்றாள். பிறகு அவசரமாக, "ஒத்தையில உட மாட்டேன். பக்கத்துல இன்னொரு ஆளு இருக்கோணும். அவளுக்கு ஊட்டுல புருசனாலயும் தொந்தரவுங்க, ஒரு போன் வந்தா உலகமே மறந்துருவா. ஆனா உடுவேனுங்க." இவ்வளவையும் சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பேச்சியம்மாளையும் கேட்டு முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவர் சொன்னார். தடை முழுதாக நீங்கவில்லை. ஒரு வருஷம் பார்ப்பார்கள். பழைய காப்பகத்திலேயே வேலை பார்க்கலாம், ஆனால் பிள்ளைகளோடு தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. மூத்த பணியாளர் ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், ஏதாவது தவறாகத் தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். "அங்க மூத்தவங்க நீங்கதானேம்மா. முடியுமா? முடியாதுன்னாலும் சொல்லலாம்" என்றார். சுலோச்சனா அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை முடியாது என்றிருப்பாள். "நானிருக்கறேனுங்க" என்றாள் ருக்குமணி.

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் சுலோச்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சேன்னு சொல்லல. சரியா இருந்துக்கோ, அம்புட்டுத்தான்" என்றாள். சுலோச்சனா குலுங்கிக் குலுங்கி அழுதாள். கட்டடத்துச் சிப்பந்தி, எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறு ஆட்கள், எல்லோரும் அவளைச் சுற்றி நின்று அழாதேம்மா என்றார்கள், ஒருத்தர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். ருக்குமணியை இடித்துக்கொண்டுதான் போனார் அவர். பாரு, அப்பவும் அவள்தான். ஒரு வருஷம் தினமும் இதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்வதைக் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும், அதற்குத்தான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாய். பொறாமை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை, அதுவும் போகிற மாதிரி இல்லை, மூச்சு மாதிரி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதோடேயே படியிறங்கினாள். வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள், வேகமாகவே நடந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். சுலோச்சனா ஓடி வந்தாள், முகமெல்லாம் வீங்கி. கிட்ட வந்தும் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றாள்.

"அக்கா, உங்களப் பத்தி எனக்குத் தெரியுங்க்கா. என்னப் புடிக்காதுன்னும் தெரியும். இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுவீங்கன்னுதான் உங்க பேரக் குடுத்தேன்."

ருக்குமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிற மாதிரி இல்லை.

"திங்கக்கெழம நான் எத்தன மணிக்கு வரட்டுங்க்கா?"

"எட்டுக்கு வந்தாப் போதும்" என்றாள் ருக்குமணி. கொஞ்சம் நிறுத்தி, "நான் ஏழுக்கே வந்திருவேன்" என்றாள். "கேட்டத் தொறந்து நானே நிக்கறேன். நீ உள்ள போயி மொதல்ல பாலைக் காச்சு. புள்ளைக எல்லாம் என்னப் பார்த்துட்டுத்தான் உள்ள வரோணும்."

சுலோச்சனா சரிங்க்கா என்றாள்.